கம்பெனி சாமானும் லோக்கல் சாமானும்: கொங்குப் பட்டறைகளில் மோட்டார் சைக்கிள் இன்ஜின்

மோட்டார் சைக்கிள் இன்ஜினை முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கட்டுவதைத் திருப்பூர், கோயம்புத்தூர் பட்டறைகளில் ‘இன்ஜின் வேலை’ என்பார்கள். வண்டி பிரிந்து கிடக்கும்போது பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, கிராங்க் பேரிங், ஆயில் சீல், கேஸ்கட் என்று ஒரு பட்டியல் எழுதப்படும். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: வண்டிக் கம்பெனியின் முத்திரை போட்ட சாமானா, வெளியார் தயாரித்த சாமானா? முன்னது ‘கம்பெனி’ அல்லது ‘ஒரிஜினல்’. பின்னது ‘லோக்கல்’, கோபத்தில் ‘டூப்ளிகேட்’. இன்று மெக்கானிக்குகள் யோசிக்காமல் சொல்லும் பதில்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடு, ஆலை மூடல், பனியன் தொழிலின் அவசரம், புகை விதிகள் ஆகிய ஒவ்வொன்றும் அந்தப் பதிலை ஒரு தடவையாவது மாற்றியிருக்கின்றன.

கொங்கு வட்டாரத்தின் மோட்டார் சைக்கிள் கதை வழக்கமாக ஜி.டி. நாயுடுவிடம் தொடங்கும். 1893இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதை வாங்குவதற்காகவே கோயம்புத்தூரில் ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 300 ரூபாய் சேர்த்து வாங்கி, ஓட்டுவதற்கு முன் பிரித்துப் போட்டுப் பூட்டிப் பார்த்தார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிச் சம்பாதித்தார். அந்தப் பணத்தைப் பம்பாய்ப் பருத்திச் சூதில் இழந்தார். 1920இல் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த கடனில் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சி–பழனி வழியில் ஓட்டினார். ரட்ஜ் கதையை மேதைமைக்குச் சான்றாகவே சொல்வது வழக்கம். உதிரிபாக வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் அதில் வேறொரு செய்தி இருக்கிறது. அந்த வண்டிக்குப் பாகம் விற்கும் கடை வட்டாரத்தில் இல்லை. உடைந்தால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். காத்திருக்க முடியாதவர் கொல்லனிடமோ லேத்திலோ செய்துகொள்ள வேண்டும். ஒரிஜினலா லோக்கலா என்ற தேர்வு எழுவதற்கே இரண்டும் கிடைக்க வேண்டும். அப்போது பெரும்பாலும் இரண்டுமே கிடைக்கவில்லை.

லோக்கல் சாமான் முதலில் வேரூன்றிய இடம் பஞ்சாலை. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் ஆலை 1888இல் எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. இயந்திரங்கள் எல்லாம் லங்காஷயரிலிருந்து வந்தவை. இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டபோது அவற்றுக்குப் பல்சக்கரமும் புஷ்ஷும் உருளையும் வருவது அரிதானது. பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த வார்ப்படப் பட்டறைகளும் லேத்துகளும் தேய்ந்த பாகத்தையே மாதிரியாக வைத்து அளவெடுத்து வார்த்துக் கொடுத்தன. வரைபடம் கிடையாது, தேய்வுக்கு எவ்வளவு கூட்டிக்கொள்வது என்பது கைக்கணக்கு. ஆலையின் பழுதுபார்ப்பிலிருந்து தொடங்கிய இந்தத் திறமைதான் பின்னாளில் மோட்டார் பம்பு, மாவு அரைக்கும் கிரைண்டர், வாகன உதிரிபாகம் என்று கிளைத்தது. ‘மாதிரி கொடுங்கள், செய்து தருகிறோம்’ என்ற தொழில்முறை வந்த வழி இது.

போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட நார்ட்டன், பி.எஸ்.ஏ., மேட்ச்லெஸ் வண்டிகள் ஏலத்தில் பொதுமக்கள் கைக்கு வந்தன. விடுதலைக்குப் பின் வந்த இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு, 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மேலும் இறுகியது. பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஒரிஜினல் பாகம் என்பது ஏறக்குறைய இல்லாமல் போனது. வால்வு கைடையும் புஷ்ஷையும் வெண்கலத்தில் கடைந்து போடுவது, வேறு வண்டியின் பிஸ்டனுக்குப் பொருந்துமாறு சிலிண்டருக்குள் ஸ்லீவ் இறக்குவது எல்லாம் அப்போதைய கட்டாயங்கள். பின்னாளில் இவை நாட்டு மூளையின் சாமர்த்தியமாகப் பேசப்பட்டன. அப்படிக் கட்டிய இன்ஜின்களில் பல முன்போல் இழுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேறு வண்டி பிஸ்டனின் எடை கிராங்கின் சமநிலையைக் கெடுக்கும். அதன் தலை உயரம் மாறினால் அழுத்த விகிதம் மாறும். வண்டி அதிரும் அல்லது சூடாகும்.

தமிழ்நாட்டில் ஒரிஜினல் சாமான் உள்ளூரிலேயே கிடைக்கத் தொடங்கியது புல்லட்டோடுதான். இராணுவத்துக்காக 350 சிசி புல்லட்டுகளுக்கு இந்திய அரசு ஆணை கொடுத்ததைத் தொடர்ந்து, 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் ரெட்டிச்சிலிருந்து பெட்டிபெட்டியாக வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் வண்டி முழுக்கவே இங்கே தயாராயிற்று. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1977இல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. சென்னை வண்டி 1955 அமைப்பிலிருந்து அதிகம் விலகாததால், பழைய ரெட்டிச் புல்லட்டை வைத்திருந்த ஆங்கிலேயருக்குத் திருவொற்றியூர்ப் பாகங்கள் பொருந்தின. தாய்வீட்டில் ஒரிஜினல் நின்றுபோய், உரிமம் பெற்றுச் செய்த நகலே ஒரிஜினலின் இடத்தில் அமர்ந்தது.

புல்லட் இன்ஜினின் உட்பாகம் ஒன்று இந்த விவாதத்தை வேறெதையும்விட நன்றாக விளக்கும். பழைய புல்லட்டில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் இடையே தன்னிச்சையாகச் சுழலும் மிதக்கும் புஷ் ஒன்று இருக்கும். எண்ணெய் ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை அது அமைதியாக, நீண்டநாள் உழைக்கும். எண்ணெய் குறைந்தாலோ அழுக்கானாலோ சீக்கிரம் தேயும். வடிகட்டியைக் கவனிக்காத வண்டிகளில் ‘டொக் டொக்’ என்ற சத்தத்தோடு ராடு போய்விடும். வெளி உற்பத்தியாளர்கள் உருளை பேரிங் வைத்த ராடு கிட்டைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்ப் பற்றாக்குறையை அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பல மெக்கானிக்குகள் கம்பெனி புஷ்ஷை விட்டு அதற்கு மாறினார்கள். பிற்பாடு வந்த புதிய தலைமுறை புல்லட் இன்ஜினில் கம்பெனியே உருளை பேரிங்குக்குப் போனது. லோக்கல் சாமான் என்றாலே மட்டம் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. ஆனால் தில்லி கரோல்பாக் சந்தையில் குவிந்து கிடக்கும் புல்லட் சாமான்களில் இதே ராடு கிட்டின் மிக மோசமான வடிவங்களும் உண்டு. பின்னின் கடினத்தன்மை குறைவாக இருந்தால், பேரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பின் மேற்பரப்பு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே உரிந்துவிடும்.

ஒரிஜினலுக்கும் லோக்கலுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று இதே காலத்தில் வளர்ந்தது. வண்டிக் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாமே செய்வதில்லை. அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் சென்னையில் தொடங்கியது. ராபர்ட் போஷ் கூட்டுறவில் பெங்களூரின் மைக்கோ 1951இல் வந்தது. கோட்சே ரிங்குகள் 1954இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்திடமிருந்து வந்தன. கோயம்புத்தூரில் 1937இல் போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ், ‘ரோலான்’ என்ற பெயரில் செயின் செய்தது. 1975இல் அதே ஊரில் பிரிக்கால் வந்து வேகமானியோடு எண்ணெய்ப் பம்பும் செய்தது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஒரே வரிசையில் செய்த பாகத்தை வண்டிக் கம்பெனிக்கும் கொடுத்தன, சொந்தப் பெட்டியில் போட்டுக் கடைக்கும் அனுப்பின. கம்பெனிப் பெட்டியில் வரும் டைமிங் செயினும் செயின்காரர் பெட்டியில் வருவதும் ஒரே ஆலையின் பண்டமாக இருக்க வாய்ப்பு உண்டு. வித்தியாசம் பெட்டியும் விலையும். எப்போதும் அப்படியே என்று எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனி கேட்கும் அளவுத் துல்லியமும் சோதனையும் கடைச் சரக்குக்கு வேண்டும் என்ற ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது ‘யார் செய்தது’ என்றுதான். ‘யார் பெயரில் விற்கிறார்கள்’ என்பது அப்புறம்.

இந்த நடுவகையை நிலைநிறுத்தியது ரீபோர். சிலிண்டர் ஓவலாகத் தேய்ந்தால் லேத்தில் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நான்கு படி. பட்டறையில் ‘இருபத்தஞ்சு போட்டாச்சு, இன்னும் மூணு போர் இருக்கு’ என்று பேசிக்கொள்வார்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு. புல்லட்டின் துளை 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ.; முழு 1 மி.மீ. ஏற்றினால் 346 சிசி ஏறக்குறைய 356 ஆகும். வேகத்தில் அது தெரியாது. வண்டியின் ஆயுள்தான் ஒரு படி நீளும். ஒவ்வொரு படிக்கும் பிஸ்டன் இருப்பு வைப்பது சின்ன ஊர் விற்பனையாளருக்குக் கட்டுப்படியாகாத காரியம். 75ஆம் 100ஆம் படி பிஸ்டன் கேட்டால் கம்பெனிக் கடையில் ‘ஆர்டர் போட வேண்டும்’ என்பார்கள். பிஸ்டன் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி பக்கத்துக் கடையிலேயே இருக்கும். முதல் போர்வரை கம்பெனி, அடுத்தது வெளிச் சாமான் என்ற பழக்கத்துக்குச் சரக்கிருப்பே காரணம்.

1960, 70களின் மற்ற வண்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைசூரின் ஐடியல் ஜாவா 1960இல் தொடங்கி, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் விற்று, 1996இல் மூடியது. எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் போலந்து வடிவமைப்பில் பிறந்தது. இரண்டும் இரண்டு ஸ்ட்ரோக். மூடப்பட்ட ஆலையின் வண்டிக்கு ஒரிஜினல் என்பது விற்காமல் தங்கிய பழைய சரக்கு மட்டுமே. அது தீர்ந்ததும் யெஸ்டி வைத்திருந்தவர்களுக்கு வெளிச் சாமான் தவிர வேறு கதியில்லை. 2018இல் ஜாவா என்ற பெயர் திரும்பி வந்தது. ஆனால் புதிய இன்ஜினின் பாகம் பழைய வண்டிக்கு ஆகாது. சென்னைப் புதுப்பேட்டையிலும் கோயம்புத்தூர் உக்கடத்திலும் பழைய வண்டியைக் கழித்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகளுக்கு இது நல்ல காலம். தேய்ந்த ஒரிஜினல், புதிய லோக்கல் இரண்டில் எது மேல் என்ற கேள்வி அங்கே நாள்தோறும் எழும். கியரும் கேமும் என்றால் தேய்ந்த ஒரிஜினலை எடுப்பார்கள். பேரிங்கும் சீலும் என்றால் யாரும் பழையதைத் தொடமாட்டார்கள். கிராங்க்கேஸ் வாங்குவதில் வேறு சிக்கல்: இன்ஜின் எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். வேறு வண்டியின் கேஸை மாட்டினால் பதிவுச் சான்றிதழோடு எண் ஒத்துப்போகாது.

திருப்பூரில் இன்ஜின் வேலை ஒரு தனித் தொழிலாக நிலைத்தது மொபெட் வந்த பிறகு. அதுவரை இங்கே சைக்கிளும் மாட்டுவண்டியும்தான் சுமை இழுத்தன. மோட்டார் சைக்கிளோ ஆலை முதலாளி, மிராசுதார், போலீஸ் அதிகாரி ஆகியோரின் வண்டி. 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து போகத்தக்க முதல் இந்திய மொபெட் அது. 1911 முதல் தெற்கே வாகனத் தொழிலில் ஊன்றிய டி.வி.எஸ். குழுமத்துக்கு ஊர்தோறும் உதிரிபாக விற்பனை முன்பே இருந்தது. அது மொபெட்டுக்குப் பெரிய பலம். அதே ஆண்டுகளில்தான் திருப்பூர்ப் பனியன் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வழியாகத் தொடங்கிய ஏற்றுமதி, 1980களில் ஐரோப்பியப் பெருங்கடைகள்வரை விரிந்தது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது.

பனியன் ஒரே கூரையின்கீழ் முடியும் பண்டம் அல்ல. நூல் கோன் நிட்டிங் கம்பெனிக்கு, துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று ஊரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பெரிய லோடுக்கு டெம்போ உண்டு. நாலு கோன், ஒரு மூட்டை கட்டிங் பீஸ், ஒரு பெட்டி லேபிள், விட்டுப்போன பட்டன் எல்லாம் இருசக்கரத்தில்தான் போகும். டி.வி.எஸ். 50க்குப் பின் வந்த எக்ஸ்.எல். வரிசை இதற்கென்றே செய்ததுபோல அமைந்தது. முன்னால் கால்வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு மூட்டை. காதர்பேட்டையின் மொத்த வியாபாரச் சந்துகளில் இன்றும் பார்க்கலாம்.

எக்ஸ்.எல். சூப்பரின் இன்ஜின் 69.9 சிசி, துளை 46 மி.மீ., ஓட்டம் 42 மி.மீ. கியர் ஒன்றே, தானியங்கிக் கிளட்ச், காற்றால் குளிரும் இரண்டு ஸ்ட்ரோக். அளவுக்கு மீறிய சுமையோடு நெரிசலில் ஊர்ந்தால் காற்றோட்டம் குறையும், இன்ஜின் கொதிக்கும். எண்ணெய் கலப்பதில் சிக்கனம் பார்த்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிச் ‘சீஸ்’ ஆகிவிடும். மாதாந்திரச் சம்பளக்காரரின் வண்டி பத்தாண்டில் காணும் தேய்வைச் சுமை வண்டி சில ஆண்டுகளிலேயே கண்டுவிடும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது வண்டி நிற்கக் கூடாது. கம்பெனி பிஸ்டன் நாளை மறுநாள் வரும் என்றால், இன்று கையிலிருக்கும் லோக்கல் பிளாக் கிட்தான் (சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்தது) ஏறும். இங்கே தேர்வை முடிவு செய்தது பெரும்பாலும் விலைகூட இல்லை, கடிகாரம்.

இதனால் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் வந்தது. புதிய போர் போட்ட இன்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் சுமையின்றி, மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். மூட்டை ஏற்றும் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பட்டறையிலிருந்து நேரே சாயப்பட்டறைக்குப் போகும். ஆகவே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே நூலளவு கூடுதலாக விடும் பழக்கம் உண்டு. கம்பெனி கையேட்டின்படி அது பிழை. குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கும், ரிங்கும் சற்று முன்னதாகவே தேயும். சீஸ் ஆகி நடுரோட்டில் நிற்பதற்கு அது மேல் என்பது பட்டறைக் கணக்கு. பிஸ்டன் உலோகமும் இதில் சேரும். நல்ல பிஸ்டனில் அலுமினியத்தோடு சுமார் 12 சதவீதம் சிலிக்கான் கலந்திருக்கும். சூட்டில் விரிவது குறையும். அதை முழு வட்டமாகவும் கடைய மாட்டார்கள். சூடானதும் வட்டமாகும்படி லேசான நீள்வட்டத்தில், மேலே சற்று ஒடுங்கும்படி கடைவார்கள். பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்த மலிவு பிஸ்டனில் கலவையும் தெரியாது, வடிவமும் உறுதியில்லை. அதற்கு இடைவெளியைக் கூட்டாமல் விட்டால் சீஸ் ஆவது ஏறக்குறைய நிச்சயம்.

நிட்டிங் கம்பெனிக்காரருக்கு இந்த வாதம் புதிதல்ல. ஜெர்மனியில் 1852இல் தொடங்கிய கிராஸ்–பெக்கர்ட் ஊசியா, மலிவான வேறு ஊசியா என்பது வட்டப் பின்னல் இயந்திரம் வைத்திருப்பவர் எல்லோரும் போட்டுப் பார்த்த கணக்கு. ஒரு ஊசி கோணினால் துணி முழுக்கக் கோடு விழும், சரக்கு செகண்ட்ஸுக்குப் போகும். ஊசியில் மிச்சம் பிடிக்காத முதலாளியே தன் எக்ஸ்.எல். பிஸ்டனில் மிச்சம் பிடிப்பதைக் காணலாம்; துணியில் விழும் கோட்டை வாங்குபவர் பார்ப்பார், பிஸ்டன் தட்டுவது சரக்கைப் பாதிக்காது.

1984, 85இல் ஜப்பானியக் கூட்டுறவு வண்டிகள் வந்தன: இண்ட்–சுசுகி ஏ.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100. அவற்றின் பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. ஆரம்ப வண்டிகளில் ஜப்பானியப் பாகங்கள் மிகுதி; பிந்தியவற்றில் இந்தியப் பாகங்கள். ஆகவே ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களிடையே ஒரு விசித்திர வகைப்பாடு உருவாயிற்று: ஒரிஜினலிலேயே ‘ஜப்பான்’ ஒன்று, ‘இந்தியன்’ ஒன்று. 1996இல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றது. ஆனால் ஆர்.எக்ஸ். வரிசையின் பெரிய இன்ஜின் வண்டி அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வந்ததால் பாகங்கள் முழுதாக வற்றவில்லை. பழைய வண்டியின் மவுசு ஏறியபோது லோக்கல் பிளாக், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் பெருகின. 50 மி.மீ. துளையும் 50 மி.மீ. ஓட்டமும் கொண்ட அந்த இன்ஜினில் சிலிண்டரிலுள்ள வாயில்களின் உயரமும் வடிவமும்தான் இழுவையை முடிவு செய்கின்றன. வார்ப்பில் வாயில் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே வண்டியின் குணம் மாறிவிடும். லோக்கல் பிளாக் போட்டதும் ‘வண்டி பழைய மாதிரி இல்லை’ என்று ஓட்டுபவர் சொல்வது மனப்பிரமை அல்ல. தேய்ந்த ஒரிஜினல் பிளாக்குக்கே புதிய ஸ்லீவ் இறக்கி, வாயில்களைப் பழைய அளவில் வெட்டி எடுக்கும் வேலை இதனாலேயே இன்றும் லேத்காரர்களுக்குக் கிடைக்கிறது.

வெளி உற்பத்தி பெருகியதோடு போலியும் பெருகியது. வெளியார் சாமானும் போலிச் சாமானும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. ஒரு உற்பத்தியாளர் தன் பெயரில் பிஸ்டன் விற்று, ‘இன்ன வண்டிக்கு ஏற்றது’ என்று பெட்டியில் எழுதலாம்; 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வண்டிக் கம்பெனியின் பெயரையும் பெட்டியையும் அப்படியே அச்சடித்து விற்பதுதான் குற்றம்; அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை உண்டு. சந்தைப் பேச்சில் இரண்டுக்கும் ‘டூப்ளிகேட்’ என்றே பெயர் போட்டதால் நேர்மையான வெளி உற்பத்தியாளருக்குத்தான் நட்டம். கம்பெனிகள் ஹோலோகிராம், சுரண்டிப் பார்க்கும் குறி, குறுஞ்செய்தி எண் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தன. மறுபக்கம், ஒரிஜினல் பாகத்தைத் தம் டீலருக்கு வெளியே விற்காமல் அடைத்துவைப்பதும் சரியல்ல என்ற கருத்து வலுத்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகமும் பழுதுபார்க்கும் கருவியும் வெளிப் பட்டறைக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆணை கார்களைப் பற்றியது. இருசக்கரத்தில் சாலையோரப் பட்டறைதான் பெரும்பான்மை என்பதால், அதன் வாதம் அங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்தும்.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் பட்டறைகளில் எழுதப்படாத ஒரு விதி நிலைத்திருக்கிறது. பாகத்தின் விலையைவிட அதை எட்டுவதற்கு ஆகும் கூலியைப் பார். கிராங்க் பேரிங், ராடு கிட், கிராங்க் ஆயில் சீல் ஆகியவை இன்ஜினின் அடிவயிற்றில் இருப்பவை. அவற்றில் ஒன்று போனால் மறுபடி முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும். கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து நேர்பார்க்கும் கூலி தனி. இரண்டு ஸ்ட்ரோக்கில் சின்ன ஆயில் சீல் கசிந்தாலே வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து பிஸ்டன் எரியும். ஆகவே அடிவயிற்றுக்கு நல்லது போடு. கிளட்ச் கேபிள், மேல் கவர் கேஸ்கட், ஏர் ஃபில்டர் போன்ற வெளிப்புறத்தில் மிச்சம் பிடி. பேரிங்கில் மட்டும் ‘நல்லது’ என்பது கம்பெனி முத்திரையைக் குறிக்காது. எஸ்.கே.எஃப்., என்.பி.சி. போன்ற பேரிங் நிறுவனங்களே வண்டிக் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன. 6204 என்றால் உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ. என்பது உலகம் முழுக்க ஒரே அளவு. சூட்டில் இறுகாமலிருக்க உள் இடைவெளி கூடிய சி3 ரகம் வேண்டுமா என்பதை மட்டும் பார்த்து நேரே பேரிங் கடையில் வாங்கிவிடுவார்கள். விலை குறையும், பொருள் அதுவே. போலியில்லை என்று உறுதியாகத் தெரிந்த கடையாக இருந்தால்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகியபோது பட்டியல் நீண்டது: வால்வு, வால்வு சீல், டைமிங் செயின், டென்ஷனர், ராக்கர், கேம். வேலை அடிக்கடி வருவது குறைந்தது. 2015இல் 99.7 சிசி நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தபின் இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். படிப்படியாக விடைபெற்றது. ரீபோரும் குறைந்தது. பல வண்டிகளுக்கு அடுத்த படி பிஸ்டனுக்குப் பதிலாகப் பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த கிட்டே கிடைக்கிறது. லேத்துக்குக் கொடுத்து வாங்கும் நேரமும் மிச்சம். யமஹாவின் ஆர் 15இல் உள்ளதுபோன்ற முழு அலுமினியச் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவே கிடையாது. வழக்கமான முறையில் துளையைப் பெரிதாக்க முடியாது. அங்கே ஒரிஜினல் பிளாக் வாங்குவதுதான் வழி.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்து, சுமை மொபெட்வரை எரிபொருள் இன்ஜெக்‌ஷன் ஏறிவிட்டது. இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றில் உள்ளூர் லேத்துக்கு வேலையில்லை; பழுதைக் கண்டறியவே கருவி வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் கம்பெனியிடமே வாங்குகிறார்கள். பிஸ்டன், ரிங், பேரிங், செயின், கிளட்ச் பிளேட் ஆகியவற்றில் மூன்று வகைச் சரக்கும் முன்போலவே கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பல வாகன உதிரிபாகங்களுக்கு 2017இல் விதித்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில் போட்டு விற்கும் கம்பெனிச் சரக்குக்கும் பில்லில்லாமல் விற்கும் சரக்குக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசத்தில் வரியின் பங்கு அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.